ரசீதை உடுத்திக்கொள்ள முடியாது

அத்தியாயம் 9: சர்வரிடம் கேட்ட விடையைக் கையாளுதல்

இணையப் பக்கம் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். சர்வரிடம் விலைப்பட்டியலைக் கேட்டு ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அடுத்த வரியில் அதைத் திரையில் போடச் சொல்லியிருப்பீர்கள். பக்கத்தைத் திறந்தால், பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைண்ட்’ என்று ஒற்றைச் சொல். இல்லாவிட்டால் சதுர அடைப்புக்குள் ‘ஆப்ஜெக்ட் பிராமிஸ்’. நிரலில் எழுத்துப்பிழை கிடையாது. பிரவுசரின் நெட்வொர்க் தாவலைத் திறந்தால் விலைகள் எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருக்கின்றன. சர்வர் கொடுத்துவிட்டது, பக்கத்துக்குத்தான் கிடைக்கவில்லை.

தையல்காரரிடம் சட்டைத்துணி கொடுத்தால் அவர் உடனே தருவது ரசீது. சட்டை பிறகு வரும், அல்லது துணி பாழாகிவிட்டது என்ற சேதி வரும். ரசீதை வாங்கிய கையோடு அதை உடுத்திக்கொள்ளப் பார்த்தால் எப்படி இருக்கும்? மேலே சொன்ன இரண்டாவது வரி செய்தது அதைத்தான். ஜாவாஸ்கிரிப்டில் ‘ஃபெட்ச்’ என்று கூப்பிட்டதும் கையில் கிடைக்கிற ரசீதுக்குப் பெயர் பிராமிஸ். இந்த அத்தியாயத்துக்குத் தேவையான தத்துவம் இவ்வளவுதான். மீதி முழுக்க வேலை.

தொடங்கும் முன்

1. புதிய ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் உருவாக்குங்கள்: பக்கத்துக்கு ஓர் எச்டிஎம்எல் கோப்பு, விலைகளுக்கு ஒரு ஜேசன் கோப்பு. ஜேசனில் நான்கு மளிகைப் பொருள் போதும்: அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், வெல்லம். ஒவ்வொன்றுக்கும் பெயர், விலை.

2. இரண்டையும் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஜேசன் விடையை பிரவுசர் எப்போதும் யூடிஎஃப்-8 என்று நம்பித்தான் படிக்கும். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் அரிசி கட்டம் கட்டமாகத் தெரியும்.

3. எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். அப்படித் திறந்த பக்கத்திலிருந்து ஃபெட்ச் வேலை செய்யாது, பிரவுசரே தடுத்துவிடும். விஎஸ் கோடில் ‘லைவ் சர்வர்’ நீட்சியை நிறுவி அதன் வழியே திறங்கள். வழக்கமாக 5500 என்ற போர்ட்டில் பக்கம் வரும்.

4. எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் தாவலுக்குப் போய் வேகத்தை 3ஜி என்று குறையுங்கள்.

நான்காவது படியைப் பலரும் தாண்டிப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வர் சில மில்லிவினாடியில் பதில் சொல்லிவிடும். அந்த வேகத்தில் இந்த அத்தியாயத்தில் வரும் பிழைகளில் பாதி கண்ணுக்கே தெரியாது. வாடிக்கையாளர் பேருந்தில் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைத் திறக்கும்போதுதான் தெரியும்.

குறிப்பு: விசைச்சொற்களை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எரர், பிராமிஸ், அபார்ட்கன்ட்ரோலர் போன்றவை மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்; ஃபார்ஈச் போன்ற கூட்டுச்சொற்களில் நடுவிலும் பெரிய எழுத்து வரும். மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும், நம்பாதவர்கள் கன்சோலில் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

வேலையை எங்கே வைப்பது

புதியவர்கள் தேடுவது விடையை வெளியே இழுக்கும் வழி. “பட்டியல் என்ற மாறியை மேலே அறிவித்துவிட்டு, விடை வந்ததும் அதில் போட்டுவிட்டு, கீழே எடுத்துக்கொள்கிறேனே?” என்று என்னிடம் கேட்காத மாணவர் குறைவு. கீழே உள்ள வரி ஓடும் நேரத்தில் விடை இன்னும் வழியில் இருக்கிறது. மாறியை எவ்வளவு உயரத்தில் அறிவித்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. சிலர் அடுத்தபடியாக, இரண்டு வினாடி பொறுத்து அந்த மாறியைப் பார் என்று டைமர் வைப்பார்கள். வீட்டில் ஓடும், ஊருக்குப் போனால் நின்றுவிடும். மூன்றாவது வினாடியில் வரும் விடைக்கு யார் பொறுப்பு?

விடையைக் கொண்டு செய்ய வேண்டிய வேலையை விடை வந்து சேரும் இடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அந்த இடம் ‘அவெய்ட்’ என்ற சொல்லுக்கு அடுத்த வரி. சாதாரண ஸ்கிரிப்டில் அவெய்ட் எழுத வேண்டுமானால் அது ‘அசிங்க்’ என்று குறித்த ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும். இதோ முழு வடிவம் (பட்டனைமூடு, அறிவி, திரையில்போடு, பட்டனைத்திற ஆகிய சிறு ஃபங்ஷன்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்):

அசிங்க் ஃபங்ஷன் விலைகாட்டு() {
  பட்டனைமூடு();
  அறிவி("விலை வந்துகொண்டிருக்கிறது…");
  ட்ரை {
    கான்ஸ்ட் பதில் = அவெய்ட் ஃபெட்ச்("விலை.ஜேசன்");
    இஃப் (!பதில்.ஓகே) {
      த்ரோ நியூ எரர்("நிலை எண் " + பதில்.ஸ்டேட்டஸ்);
    }
    கான்ஸ்ட் பட்டியல் = அவெய்ட் பதில்.ஜேசன்();
    திரையில்போடு(பட்டியல்);
    அறிவி("");
  } கேட்ச் (பிழை) {
    அறிவி("விலையை எடுக்க முடியவில்லை. மறுபடி முயலுங்கள்.");
    கன்சோல்.எரர்(பிழை);
  } ஃபைனலி {
    பட்டனைத்திற();
  }
}

இதை வெட்டி ஒட்டாமல் கையால் தட்டுங்கள். பிறகு வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் பட்டனை மூடுகிறோம், பயனருக்குச் சேதி சொல்கிறோம். கோரிக்கை போவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது, கொஞ்சம் அவமானமான கதை.

2. ஃபெட்ச்சுக்கு முன்னால் அவெய்ட். இதை விட்டால் ‘பதில்’ என்ற மாறியில் ரசீதுதான் இருக்கும். ரசீதுக்கு ‘ஓகே’ என்ற பண்பு கிடையாது. ஆகவே அடுத்த வரி எப்போதும் தோல்வி என்றே முடிவு செய்யும். நிலை எண் ‘அன்டிஃபைண்ட்’ என்று பிழைச்செய்தி வந்தால் அவெய்ட்டைத் தேடுங்கள்.

3. ஓகே சோதனை. இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாக.

4. ஜேசனுக்கு முன்னாலும் இன்னொரு அவெய்ட். முதல் அவெய்ட் முடியும்போது விடையின் தலைப்புப் பகுதி மட்டும் வந்திருக்கிறது, உடல் இன்னும் வந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது ரசீது அதற்கு.

5. பட்டியலைத் திரையில் போடும் வேலை ட்ரை பகுதிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எடுத்தால் மறுபடி பழைய கதைதான்.

6. ஃபைனலி பகுதி வெற்றியானாலும் தோல்வியானாலும் ஓடும். பட்டனைத் திறப்பதை வெற்றிப் பாதையில் மட்டும் எழுதிவிட்டு, பிழை வந்தால் பக்கம் உறைந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விலைகாட்டு என்பதும் இப்போது அசிங்க் ஃபங்ஷன். அதைக் கூப்பிடுகிறவருக்கும் ரசீதுதான் கிடைக்கும். உள்ளே ‘ரிட்டர்ன்’ போட்டாலும் வெளியே வருவது பிராமிஸாகத்தான் வரும். அங்கும் அவெய்ட் வேண்டும். இது சங்கிலி போல மேலே ஏறிக்கொண்டே போகும், தப்பிக்க வழியில்லை. பட்டனின் கிளிக் நிகழ்வில் போய் அது முடிந்துவிடும் என்பதால் கவலைப்படவும் தேவையில்லை.

பை வந்தது, உள்ளே என்ன?

தையல் கடையிலிருந்து பை வந்துவிட்டது. உள்ளே இருப்பது உங்கள் சட்டைதானா என்று பிரித்துப் பார்த்த பிறகுதானே பணம் கொடுப்பீர்கள்? ஃபெட்ச்சைப் பொறுத்தவரை பை வந்து சேர்ந்தாலே வெற்றி. கேட்ட கோப்பு சர்வரில் இல்லை என்று 404 வந்தாலும், சர்வரே நொடித்துப்போய் 500 வந்தாலும், ‘கேட்ச்’ பகுதிக்கு நிரல் போகாது. விடையே வந்து சேராவிட்டால் மட்டும்தான் போகும். இந்த விஷயத்தில் ஃபெட்ச்சை வடிவமைத்தவர்களோடு எனக்கு இன்றும் மனஸ்தாபம் உண்டு. ஆனால் விதி அதுதான்.

‘ஓகே’ என்ற பண்பு நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால் மட்டும் உண்மை. அதைச் சோதித்து, இல்லாவிட்டால் நாமே ‘த்ரோ’ செய்து கேட்ச் பகுதிக்குத் தள்ள வேண்டும்.

இந்தச் சோதனையை விட்டால் என்ன ஆகும் என்று செய்து பாருங்கள். ஓகே வரியை அழித்துவிட்டு, கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். கன்சோலில், ஜேசன் செல்லாது, எதிர்பாராத கோணக்குறி வந்துவிட்டது என்ற பொருளில் ஒரு பிழை வரும். உடனே எல்லோரும் ஜேசன் கோப்பைத் திறந்து காற்புள்ளி தேடத் தொடங்குவார்கள். கோப்பில் ஒரு குறையும் இல்லை. சர்வர் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. எச்டிஎம்எல் தொடங்குவது கோணக்குறியில். அந்தக் குறியைப் பிழைச்செய்தியில் பார்த்தால் முதலில் நெட்வொர்க் தாவலில் முகவரியையும் நிலை எண்ணையும் பாருங்கள். அரைமணி நேரம் மிச்சம்.

இதே இனத்தில் இன்னும் மூன்று:

• நிலை எண் 204 என்றால் ‘சரி, ஆனால் சொல்ல ஒன்றுமில்லை’ என்று பொருள். எதையாவது நீக்கச் சொன்னால் இப்படி வரும். ஓகே உண்மைதான், ஆனால் வெறும் உடலை ஜேசனாகப் படிக்கப் போனால் பிழை. 204 என்றால் படிக்காமல் திரும்பிவிடுங்கள்.

• உடலை ஒரு முறைதான் படிக்க முடியும். சோதனைக்காக ‘பதில்.டெக்ஸ்ட்()’ போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வரியில் ‘பதில்.ஜேசன்()’ என்றால் ஏற்கெனவே படித்தாயிற்று என்று மறுத்துவிடும்.

• வேறொரு தளத்தின் சர்வரைக் கேட்கும்போது அந்தச் சர்வர் அனுமதி தராவிட்டால் பிரவுசர் விடையை உங்கள் நிரலுக்குக் காட்டாது. அப்போது ‘நோ-கார்ஸ்’ என்ற அமைப்பைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போட்டால் பிழைச்செய்தி மறையும், கூடவே விடையும் மறையும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பூட்டிய பெட்டிதான் கிடைக்கும். சர்வர் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும்.

கன்சோலை எவ்வளவு நம்பலாம்

ஒரு மாணவி காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “சார், பட்டியல் காலியா இருக்குன்னு நிரல் சொல்லுது. ஆனா கன்சோல்ல நாலு பொருளும் தெரியுதே!” என்றார். இரண்டுமே உண்மை. கன்சோலில் அச்சிட்ட பட்டியலை, அம்புக்குறியை அழுத்தி விரிக்கும் நேரத்தில்தான் பிரவுசர் உள்ளே பார்த்துச் சொல்கிறது. அச்சிட்டபோது காலி. அவர் விரித்தபோது விடை வந்து சேர்ந்துவிட்டது. குரோமில் விரித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ‘ஐ’ குறி தெரியும். சுட்டியை அதன்மேல் வைத்தால் அதையே சொல்லும். யாரும் வைப்பதில்லை.

குறிப்பு: சந்தேகம் வந்தால் பட்டியலை அச்சிடாமல் அதன் நீளத்தை அச்சிடுங்கள். எண் ஒருமுறை அச்சானால் மாறாது.

தவறிப்போகும் பிழைகள்

கேட்ச் எழுதியும் பிழை கையில் சிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ட்ரை பகுதிக்குள் அவெய்ட் இல்லை. ‘ரிட்டர்ன் ஃபெட்ச்(முகவரி)’ என்று ட்ரைக்குள் எழுதினால், ரசீதை வாங்கிய நொடியே அந்த ஃபங்ஷன் வெளியேறிவிடுகிறது. பிழை வரும்போது கேட்ச் கடையை மூடிவிட்டுப் போயிருக்கும். ‘ரிட்டர்ன் அவெய்ட் ஃபெட்ச்(முகவரி)’ என்று எழுதினால் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

யாரும் பிடிக்காத பிழைக்கு பிரவுசரில் சிவப்பு வரி ஒன்று வரும், அவ்வளவுதான். நோட் ஜேஎஸ்ஸில் அப்படி இல்லை. 15-ஆம் பதிப்பிலிருந்து பிடிபடாத ஒரு பிராமிஸ் பிழை முழு நிரலையும் நிறுத்திவிடும். சர்வர் பக்கம் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

காலியான கேட்ச் எழுதாதீர்கள். பிழையை விழுங்கிவிட்டால் பயனர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் வெறும் கன்சோலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பல கோரிக்கைகள்

விலை, இருப்பு, தள்ளுபடி என்று மூன்று கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் 400 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவெய்ட், அவெய்ட், அவெய்ட் என்று மூன்று வரி எழுதினால் 1,200. ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தேவையில்லை என்றால் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? மூன்றையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு மொத்தமாகக் காத்திருங்கள்:

கான்ஸ்ட் [விலை, இருப்பு, தள்ளுபடி] = அவெய்ட் பிராமிஸ்.ஆல்([எடு("விலை"), எடு("இருப்பு"), எடு("தள்ளுபடி")]);

ஏறக்குறைய 400-இல் முடிந்துவிடும். விடைகள் எந்த வரிசையில் வந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையில்தான் கையில் கிடைக்கும். (‘எடு’ என்பது ஓகே சோதனையோடு நாமே எழுதிய ஃபங்ஷன்.)

பிராமிஸ்.ஆல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. மூன்றில் ஒன்று கெட்டால் மொத்தமும் தோல்வி. மற்ற இரண்டும் நல்லபடியாக வந்திருந்தாலும் கிடைக்காது. தள்ளுபடி வராததற்காக விலையையே காட்டாமல் இருப்பது நியாயமில்லை அல்லவா? அந்த இடத்தில் ‘பிராமிஸ்.ஆல்செட்டில்ட்’ போடுங்கள். 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தது. ஒவ்வொன்றும் நிறைவேறியதா, நிராகரிக்கப்பட்டதா என்று தனித்தனியாகச் சொல்லும். வந்ததைக் காட்டுங்கள், வராததற்கு ஒரு சிறு வரி போடுங்கள்.

தவறு: ‘ஃபார்ஈச்’ சுற்றுக்குள் அவெய்ட் போடுவது. ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. 20 பொருளுக்கும் கோரிக்கையைக் கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், ‘எல்லாம் முடிந்தது’ என்று முதலில் அச்சிடும். ஒன்று முடிந்து ஒன்று போக வேண்டுமென்றால் ‘ஃபார்… ஆஃப்’ சுற்று. ஒன்றாகப் போகலாம் என்றால் ‘மேப்’ செய்து பிராமிஸ்.ஆல்.

ஒரேயடியாக 500 கோரிக்கைகளை அனுப்பினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். எச்டிடிபி 1.1-இல் பிரவுசர் ஒரு சர்வருக்கு ஆறு இணைப்புதான் திறக்கும், மற்றவை வரிசையில் நிற்கும். சில சர்வர்கள் 429 என்ற நிலை எண்ணைக் கொடுத்து ‘போதும், பிறகு வா’ என்று அனுப்பிவிடும்.

தேடல் பெட்டி

இந்த அத்தியாயத்தில் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். இங்கே நடக்கும் பிழை கன்சோலில் சிவப்பாக வராது. எல்லாக் கோரிக்கையும் 200, எல்லா விடையும் சரி. ஆனாலும் திரையில் தப்பு.

தமிழில் ‘அரிசி’ என்று தட்டுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஐந்து விசை. ஒவ்வொரு விசைக்கும் ஒரு தேடல் என்றால் ஐந்து கோரிக்கை: அ, அர, அரி, அரிச, அரிசி. ‘அ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பொருத்தமான பொருள்கள் கடை முழுக்க இருக்கும், ஆகவே அந்த விடை பெரிது, மெதுவாக வரும். ‘அரிசி’க்கான விடை சிறிது, முந்திக்கொண்டு வரும். பயனர் அரிசியைப் பார்த்துக் கைவைக்கப் போகும் நேரத்தில் ‘அ’வின் விடை தாமதமாக வந்து அதை அழித்துவிட்டு அப்பளத்தையும் அவலையும் கொட்டிவிடும். பெட்டியில் இருப்பது அரிசி, கீழே இருப்பது அப்பளம்.

சரிசெய்யும் வரிசை:

1. கைநிற்கும் வரை காத்திருங்கள். ஒவ்வொரு விசைக்கும் பழைய டைமரை ரத்து செய்து புதிதாக 300 மில்லிவினாடி வையுங்கள். கை நின்றால்தான் கோரிக்கை போகும். ஐந்து கோரிக்கை பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ஆனால் நிறுத்தி நிறுத்தித் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது மட்டும் போதாது.

2. புதிய கோரிக்கை போகும் முன் பழையதை ரத்து செய்யுங்கள். ‘நியூ அபார்ட்கன்ட்ரோலர்()’ என்று ஒன்றை உருவாக்கி அதன் ‘சிக்னல்’ பண்பை ஃபெட்ச்சின் இரண்டாவது உள்ளீட்டில் கொடுங்கள். அடுத்த தேடலின்போது பழைய கன்ட்ரோலரில் ‘அபார்ட்()’ என்றால் அந்தக் கோரிக்கை அறுந்துவிடும்.

3. ரத்தான கோரிக்கை கேட்ச் பகுதிக்கு வரும், அதன் பெயர் ‘அபார்ட்எரர்’. அது நாமே செய்தது. பயனரிடம் ‘முடியவில்லை’ என்று காட்டாமல் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

4. தேடல் சொல்லை முகவரியில் நேராக ஒட்டாதீர்கள். ‘என்கோட்யூஆர்ஐகாம்பொனன்ட்’ வழியாக அனுப்புங்கள். தமிழ் எழுத்துகளை பிரவுசரே மாற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பயனர் ‘&’ அல்லது ‘+’ தட்டினால் முகவரி உடைந்துவிடும்.

நெட்வொர்க் தாவலில் ‘அரிசி’ சதவீதக் குறிகளாக நீண்டு கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூனிகோடில் அது ஐந்து குறிகள், யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து. ஆக 45 எழுத்து. சரியாகத்தான் இருக்கிறது.

ஃபெட்ச்சுக்கு நேர வரம்பு கொடுப்பதற்கும் இதே சிக்னல்தான். ‘அபார்ட்சிக்னல்.டைம்அவுட்(8000)’ என்று கொடுத்தால் எட்டு வினாடியில் கைவிட்டுவிடும். அப்போது வரும் பிழையின் பெயர் ‘டைம்அவுட்எரர்’, இதைப் பயனரிடம் சொல்லத்தான் வேண்டும். வரம்பு வைக்காத பக்கம் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று நிமிடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்.

மறுமுயற்சியும் மைசூர்பாகும்

பல ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் இனிப்புக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் பட்டனை மூடவில்லை, ‘அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்ற சேதியும் இல்லை. இணைப்பு மெதுவாக இருந்த ஒரு வாடிக்கையாளர், ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்று முறை அழுத்தியிருக்கிறார். அவர் வீட்டுக்கு மூன்று பெட்டி மைசூர்பாகு போய்ச் சேர்ந்தது. மூன்றுக்கும் பில். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, ஒரு பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பட்டனை முதல் வரியிலேயே மூடச் சொன்னது இதனால்தான்.

தானாக மறுமுயற்சி செய்யும் நிரல் எழுதுவதாக இருந்தால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். தகவலைப் படிக்கும் ‘கெட்’ கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் நஷ்டமில்லை. ஆர்டர், பணம், பதிவு போன்ற ‘போஸ்ட்’ கோரிக்கையைத் தானாக மறுபடி அனுப்பாதீர்கள். விடை வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகாது. சர்வர் ஆர்டரைப் பதிந்துவிட்டு, பதில் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசரிலேயே ஒரு தனி எண்ணை உருவாக்கிக் கூடவே அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே கொடுக்க வேண்டும். இதற்கு சர்வர் எழுதுகிறவரின் ஒத்துழைப்பு வேண்டும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கெட் கோரிக்கைக்கு மறுமுயற்சி இடைவெளி: 1 வினாடி, பிறகு 2, பிறகு 4, அதோடு நிறுத்தம். 404-க்கு மறுமுயற்சி வீண். இல்லாத கோப்பு மூன்றாம் முறையும் இருக்காது. 429 வந்தால் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பில் எவ்வளவு நேரம் என்று சர்வர் சொல்லியிருக்கலாம், அதை மதியுங்கள்.

பாதுகாப்பு எச்சரிக்கைகள்

வந்த விடையைத் திரையில் போடும்போது ‘இன்னர்எச்டிஎம்எல்’ பயன்படுத்தாதீர்கள். பொருளின் பெயரில் யாராவது ஸ்கிரிப்டை ஒளித்துவைத்திருந்தால் அது உங்கள் பக்கத்தில், உங்கள் வாடிக்கையாளரின் கணக்கில் ஓடும். ‘டெக்ஸ்ட்கான்டென்ட்’ போதும். நம் சர்வரிலிருந்து வந்ததுதானே என்று நம்ப வேண்டாம், அந்தச் சர்வருக்கு யார் தட்டிக் கொடுத்தார்கள் என்பது தெரியாது.

ரகசிய ஏபிஐ சாவியை பிரவுசர் நிரலில் எழுதாதீர்கள். எஃப்12 அழுத்தத் தெரிந்த எல்லோரும் படிக்கலாம். அது சர்வரில் இருக்கட்டும், பிரவுசர் உங்கள் சர்வரைக் கேட்கட்டும், சர்வர் வெளியே கேட்கட்டும்.

சர்வர் தரும் பிழைச்செய்தியைப் பயனருக்கு அப்படியே காட்டாதீர்கள். அதில் கோப்புப் பாதையோ அட்டவணையின் பெயரோ இருக்கலாம்.

பழைய நிரல் கைக்கு வந்தால்

எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வெஸ்ட் என்ற நீளமான பெயரைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். 1999-இல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் கொண்டுவந்தது. 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பிராமிஸ் 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்தது, அசிங்க்கும் அவெய்ட்டும் 2017-இல். பழைய முறையிலும் விதி ஒன்றுதான். ‘ரெடிஸ்டேட்’ 4 ஆன பிறகு, நிலை எண்ணைப் பார்த்துவிட்டு, விடை வரும்போது ஓடும் கால்பேக் ஃபங்ஷனுக்குள்ளேயே வேலையை முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்காதீர்கள், புதிதாகச் சேர்ப்பதை மட்டும் ஃபெட்ச்சில் எழுதுங்கள்.

‘ஓப்பன்’ என்பதன் மூன்றாவது உள்ளீடாக ‘ஃபால்ஸ்’ கொடுத்திருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். விடை வரும் வரை பக்கம் முழுவதையும் உறையவைக்கும் வழி அது. ரசீது வேண்டாம், சட்டை தைத்து முடியும் வரை கடையிலேயே நிற்கிறேன் என்பது போல. கூட வந்த குடும்பமும் நிற்க வேண்டும்.

முடிக்கும் முன் நான்கு சோதனை

1. வேகத்தை 3ஜியில் வைத்து பட்டனை வேகவேகமாக ஐந்து முறை அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலில் ஒரே ஒரு கோரிக்கை இருக்க வேண்டும்.

2. ஜேசன் கோப்பின் பெயரை மாற்றி 404 வரவழையுங்கள். திரையில் தமிழில் சேதி வர வேண்டும், பட்டன் திறக்க வேண்டும்.

3. கோப்பின் நடுவில் ஓர் அடைப்புக்குறியை அழித்துப் பாருங்கள். இதற்கும் அதே சேதி வர வேண்டும்.

4. நெட்வொர்க் தாவலில் ‘ஆஃப்லைன்’ வைத்து பட்டனை அழுத்துங்கள். சேதி வந்ததும் ஆஃப்லைனை எடுத்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்காமல் மறுபடி அழுத்துங்கள். நான்கு பொருளும் விலையோடு வந்துவிட்டால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். வராவிட்டால் ஃபைனலி பகுதியைப் பாருங்கள், பட்டன் அங்கேதான் மூடிக் கிடக்கும்.